எமெட் டில்லார்ட் கையெழுத்துப் போட்ட இரண்டு தாள்கள்

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் தாளிலிருந்து வந்தது. தாள் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் பொது மேலாளர் வாலஸ் கோசிக்குடையது. அதில் ஒரு வரியைக் கொடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கிறேன். ஏற்கெனவே எழுதிய ஆறு வரைவுகளில் இதை மறைத்தேன், ஆறும் உருப்படவில்லை.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

மார்ச் மாதத்து ஈரி நகரில், ஏரியிலிருந்து கிளம்பிய பனிக்காற்று மைதானத்தின் காலி இருக்கைகளை

இருக்கைகளை என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. காற்றுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. நடந்தது எல்லாம் வெந்நீர்க் குழாய் ஓடும் ஓர் அலுவலக அறையில்.

2

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று போட்டிகளை நடத்தும் சங்கம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஐம்பத்து மூன்று பேரை அதற்குள் அடக்குவது என் பாடு. ஆட்டக்காரர்கள் என்னைக் ‘கணக்கு’ என்று கூப்பிடுவார்கள்.

வரம்பு இடிக்கும்போது முதலில் கண்ணில் படுவது முப்பது தாண்டியவர்கள். அவர்களிடம் சம்பளக் குறைப்புப் பேச கோசிக்குக்கு ஒரு முறை உண்டு. பிப்ரவரியில் மஞ்சள் தாளை எடுத்து மூத்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதுவார். பெயருக்கு எதிரே எத்தனை ஆட்டம், எத்தனை காயம் என்றெல்லாம் எழுத மாட்டார். அந்த ஆள் இந்த ஊரை விட்டுப் போக முடியாத காரணம் எதுவோ அதை எழுதுவார். ‘மாமியாருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.’ ‘ஏரி பார்த்த புது வீடு.’ ‘சர்ச் சபையில் மூப்பர்.’ இதற்கு அவர் வைத்த பெயர் பூட்டு.

“பூட்டு தெரியாம போனை எடுக்காதே” என்பார்.

பூட்டு தெரிந்த பிறகும் உடனே கூப்பிட மாட்டார். மார்ச்சில் வீரர் சந்தை திறந்ததும் முதல் மூன்று நாளில் மற்ற அணிகள் கையிலிருக்கும் பணத்தைக் கொட்டித் தீர்த்துவிடும். நான்காம் நாள் முழுக்கச் சும்மா இருப்பார். ஐந்தாம் நாள்தான் கூப்பிடுவார்.*

* இங்கே கோசிக்கை வாசகர் வெறுக்க வேண்டும் என்று, இந்தக் கதையை நான் அனுப்பிய பத்திரிகையின் ஆசிரியர் குறிப்பு எழுதினார். வெறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீரர்களின் பிள்ளைகள் பிறந்தநாள் எல்லாம் அவருக்கு மனப்பாடம், வாழ்த்து அட்டையைத் தன் கையால் எழுதுவார். இதை வெட்டச் சொன்னார்கள். வெட்ட மாட்டேன்.

3

எமெட் டில்லார்ட்டுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. எங்கள் சென்டர். குனிந்து, பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுப்பவன். கொடுத்த அடுத்த நொடி நூற்றைம்பது கிலோ ஆள் ஒருவன் மேலே வந்து விழுவான். எங்களிடம் வருமுன் வேறு அணிகளிலும் சேர்த்துப் பதினொரு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தான். அவன் இடது கைச் சுண்டுவிரல் மற்ற நான்கு விரல்களோடும் பேச்சுவார்த்தை இல்லாத மாதிரி தனியே வெளியே நிற்கும்.

(இரண்டாம் வரைவில் அவனை ஒரு ஞானியாக்கினேன். கேவலமாக இருந்தது. நிஜ எமெட் சீட்டாட்டத்தில் தோற்றால் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.)

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம் அவன் வீட்டில் சாப்பிட்டேன். அவன் மனைவி யோலாண்டா சுட்ட விலாக்கறி. மகள் இமானிக்குப் பதினாறு முடிந்திருந்தது.

“இன்னொரு துண்டு வச்சுக்குங்கண்ணா. உங்க ஆபீஸ்ல என்ன, காப்பியும் கோபமும்தானே?” என்றாள் யோலாண்டா.

“அவன் தட்டையும் கணக்குப் போட்டுத்தான் சாப்பிடுவான், விடு” என்றான் எமெட்.

இமானி குறுக்கே புகுந்தாள். “அப்பா, அரிசோனா டீம் கூப்பிட்டாப் போவியாமே? டீம்ல பேசிக்கறாங்களாம்.”

“எவன் சொன்னான்?”

“எல்லாரும்தான்.”

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். “பாரு, உன்னை மூணு ஊருக்கு இழுத்துட்டுப் போயிருக்கேன். அஞ்சு ஸ்கூல். அடுத்த வருஷம் ஜூன்ல நீ ஸ்கூல் முடிச்சுப் பட்டம் வாங்கற வரைக்கும் நான் இந்த ஊரை விட்டு அசைய மாட்டேன். உங்கம்மா மேல சத்தியம்.”

“என் மேல ஏன்? உன் முட்டி மேல பண்ணு. அதான் மொதல்ல போகப் போகுது” என்றாள் யோலாண்டா.

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

4

திங்கட்கிழமை காலை, காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கோசிக் கேட்டார்:

“யோவ் கணக்கு, டில்லார்ட்டுக்கு மட்டும் பூட்டே கெடைக்கல.”

“பொண்ணு சார். அடுத்த வருஷம் ஜூன்ல ஸ்கூல் முடிக்கற வரைக்கும் நகர மாட்டானாம். சத்தியம் பண்ணியிருக்கான்.”

ஏன் சொன்னேன்? (இங்கே நல்ல காரணம் ஒன்று வர வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம்? யாரும் மிரட்டவில்லை. பொறாமை? எனக்கு அவனைப் பிடிக்கும்.) காரணத்துக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான்: அவர் கேட்டார், எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. கதைக்கு இது போதாது என்பது எனக்கும் தெரியும்.

5

சந்தையின் ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. மாலை நான்கு தாண்டினால் எமெட்டின் அந்த வருடச் சம்பளம் முழுதும் உறுதியாகிவிடும், அப்புறம் அணி கை வைக்க முடியாது. காலை பத்துக்குக் கோசிக் அவனுடைய ஏஜென்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னார்: பாதிச் சம்பளம், இல்லையென்றால் நான்குக்குள் அணியிலிருந்து விடுவிப்பு.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அவன் மாட்டேன்னா முழுச் சம்பளத்தையும் குடுத்துடு. நம்மகிட்ட வேற சென்டர் எவன் இருக்கான்? ஆனா மாட்டேன்னு சொல்ல மாட்டான் பாரு.”

மூன்று இருபதுக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது.

“கணக்கு, நான்தான். ஏஜென்ட், அவங்க சும்மா மெரட்டறாங்க, அசையாதேங்கறார். அவருக்கென்ன, அவர் பொண்ணா ஸ்கூல் மாறப் போறா? நீ என் வீட்ல சாப்பிட்டவன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் மாட்டேன்னா, அந்தாளு நெஜமாவே தூக்கிடுவாரா?”

மூன்றாம் வரைவில் நான் “தூக்க மாட்டார், கெட்டியா நில்லு” என்கிறேன். நான்காவதில் கோசிக் அறைக்குள் வந்துவிடுவதால் பேச முடியாமல் போகிறது. ஐந்தாவதில் தொலைபேசித் தொடர்பு அறுந்துவிடுகிறது. (வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதினேன்.) ஆறாவதில் நான் அந்த அறையிலேயே இல்லை.

சொன்னது இது:

“தெரியாது, எமெட்.”

“சரி” என்றான். மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்திட்ட தாள் வந்து சேர்ந்தது.

6

இதற்கு மேல் நடந்ததைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று நானே அடித்திருப்பேன். பாதிச் சம்பளத்துக்கு ஒரு பருவம் முழுக்க ஆடினான். அடுத்த மார்ச்சில், இமானி பட்டம் வாங்க மூன்று மாதம் இருக்கும்போது, அவனை விடுவித்தோம். இளைய சென்டர் ஒருவன் கிடைத்துவிட்டான். அரிசோனா நிஜமாகவே கூப்பிட்டது, நல்ல தொகைக்கு, ஏப்ரலிலேயே வரச் சொல்லி. எமெட் போகவில்லை. ஜூனில் மகளின் பட்டமளிப்பில் கை வலிக்கத் தட்டினான். அதற்குள் அரிசோனா வேறு ஆள் பார்த்துவிட்டது. அதோடு அவன் ஆட்டம் முடிந்தது.

செப்டம்பரில் கோசிக் அவனை அழைத்தார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தை விட்டவனை ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் போட்டுச் சேர்த்து, எங்கள் ஆளாகவே ஓய்வு பெற வைப்போம். அந்த ஒரு நாளைக்குச் சம்பளம் கிடையாது. புகைப்படமும் கேக்கும் உண்டு. தாளைத் தட்டச்சு செய்தவன் நான்.

கோசிக் இரண்டு நிமிடம் பேசினார், மூன்றாவதில் அழுதார். நிஜமான அழுகை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இப்படி அழுகிற மனிதரை வைத்துக்கொண்டு எவன் ஒழுங்காகக் கதை எழுத முடியும்?

கையெழுத்து எங்கே என்று காட்ட நான் மேசைமேல் குனிந்தேன். எமெட் பேனாவைத் தாள்மேல் வைத்தான், எழுதவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்.

“அன்னிக்குப் போன்ல கேட்டேனே. உனக்கு அப்பவே தெரியுமா?”

“சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க” என்றார் புகைப்படக்காரர்.

அவன் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். யோலாண்டா கேக் தட்டோடு நின்றாள். பின்வரிசையில் இமானி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

7

இந்த இடத்துக்கு எழுதிய பதில்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஒன்றில் ஆமாம் என்கிறேன், அவன் பேனாவை வீசிவிட்டு வெளியேறுகிறான். இன்னொன்றில் ஆமாம் என்கிறேன், என் தோளைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறான். அந்த இரண்டாவதை நம்பத்தான் எனக்கு ஆசை. அதனால்தான் அதைச் சேர்க்கவில்லை. அன்று அந்த மேசையில் நான் சொன்னதை அவனும் நானும் மட்டும் அறிவோம். அவன் வெளியே சொன்னதாகத் தெரியவில்லை.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எது வேண்டுமானாலும் எழுதலாம், அவன் என்னை அடிப்பதாகக்கூட எழுதலாம். ‘தெரியாது’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.