புளி போட்டுத் தேய்த்த ஜெட்

என் கை சும்மா இருக்காது. பித்தளை கறுத்துக் கிடந்தால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும் எனக்கு.

ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் நியாஸ் லீவில் வந்திருந்தார். அவருடைய பழைய, இரண்டு கார்பரேட்டர் வைத்த பைக்கை அதுவரை பார்த்துக்கொண்டவர் அவர் சிநேகிதர் மணிவண்ணன் அண்ணன். அண்ணனுக்கு மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. ஞாயிறு தவறாமல் வந்து வண்டியைக் கிளப்பி, உப்புக்காற்று அரிக்காமல் துடைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். போன வருஷம் சுனாமித் தண்ணீர் வந்த அன்று தன் வீட்டுச் சாமானைக்கூட விட்டுவிட்டு இந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினவர்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் வாசலில் சாக்கு விரித்து கார்பரேட்டர்களைப் பிரித்தார்கள். உள்ளே பெட்ரோல் போகிற துளை வைத்த குட்டிப் பித்தளை ஜெட்டுகள் கரியாக இருந்தன. அவற்றை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு இவர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்.

"ஷாகிரா, எதையும் தொடாத. மணி பாத்துக்குவான்."

அண்ணன் பீடி வாங்கக் கடைக்குப் போனார். நான் சும்மா இருந்தேனா? கிண்ணத்தை அடுப்படிக்குத் தூக்கிப்போய், புளியோடு அண்ணன் கொண்டுவந்து கொடுத்த கல்லுப்பையே போட்டுத் தேய்த்து, திரும்பக் கிண்ணத்தில் போட்டு வைத்துவிட்டேன். இவர் மெச்சிக்கொள்வார் என்று நினைப்பு!

"நல்லா ஊறியிருக்குது" என்று இவர் வந்து பூட்டினார். அதற்குள் அண்ணனும் திரும்பியிருந்தார். வண்டி கிளம்பியது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் இருமி அணைந்தது. மறுபடியும் அப்படியே. ஜெட்டைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது டூப்ளிகேட். புதுசா மின்னுது பாரு. ஏம்பா மணி, ஒரிஜினலை என்ன பண்ண?"

"நான் கிண்ணத்தையே தொடலடா."

"அப்ப பறந்து போச்சா? இதுக்குத்தான் இவ்ளோ நாள் காவல் காத்தியா?"

அண்ணன் எழுந்தார். கதவோரம் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். என் நகக்கண்ணெல்லாம் புளி. கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். யா அல்லாஹ், அந்த நேரத்தில் என் வாயை யார் கட்டிப்போட்டது?

சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும்கூட எனக்குத் தாங்கவில்லை. "நான்தாங்க தேய்ச்சேன், புளி போட்டு" என்று அழுதேன். இவர் என்னை வெறித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப் பைத்தியமே!" சைக்கிள் பம்பை வைத்து ஊதினார். துளையிலிருந்து உப்புக்கல்லும் புளி நாரும் தெறித்தன. பூட்டியதும் வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

அந்தச் சிரிப்புதான் என்னைக் குத்தியது. செய்த எனக்குச் சிரிப்பு, செய்யாத அண்ணனுக்குத் திருட்டுப் பட்டம்.

அதே வண்டியில் அண்ணன் வீட்டுக்குப் போனோம். இவர் அண்ணன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். "விடுடா, விடும்மா" என்று டீ வாங்கிவரச் சொன்னார் அண்ணன். "ஒரு ரவுண்டு போலாம், வா மணி" என்று கூப்பிட்டதற்கு மட்டும் அசையவில்லை.

நாங்கள் கிளம்பும்போது அண்ணன் உள்ளே போய், ஆணியில் தொங்கிய எங்கள் வண்டியின் இன்னொரு சாவியை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும் தங்கச்சி. நாளைக்கு வேற எதுனா காணாம போச்சுன்னா, அந்தப் பக்கம் நான் இருக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை கைப்பழக்கத்தில் மூன்று டம்ளர் டீ ஊற்றிவிட்டேன். மூன்றாவதை இவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.