விசிறிகள் நின்ற பிறகு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: கணினி வாங்கப் போய்க் கதையோடு திரும்பி வந்தவன் நான். கடைக்காரர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு நடைபாதையில் நின்றபடியே பேசினார். எந்த பிராசஸர், எவ்வளவு ரேம் என்று தொடங்கிய பேச்சு, "சார், உங்களுக்குச் சத்தம் இருந்தா பரவால்லையா?" என்ற கேள்வியில் தடம் மாறி, இங்கே வந்து நிற்கிறது. பேருந்துகளின் இரைச்சல் விழுங்கிய வாக்கியங்களை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள். எனக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: அந்தக் கடைக்குள் நுழைந்ததுமே முதுகுத்தண்டில் ஒரு—

(வேண்டாம். பேய்க்கதை எழுதுகிறவர்கள் முதுகுத்தண்டைத் தேய்த்தே கூன் விழ வைத்துவிட்டார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால்—

(நல்லவர் என்றாலே உங்களுக்குச் சந்தேகம் வரும். அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். அவரவர் தேவைக்கு ஏற்ற பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கணினி சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். கீழே கடை, மேலே வீடு. மனைவியின் தம்பியோடு சேர்ந்து ஆரம்பித்த கடை அது. இவர் பாகங்களைத் தேர்ந்தெடுப்பார், மச்சினன் பூட்டுவான். சாலை விபத்தில் மச்சினன் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டையும் இவரே பார்க்கிறார். சோதனைக்கு வைத்த கணினிகள் சுவரோரம் எந்நேரமும் முழுமூச்சில் ஓடிக்கொண்டிருக்கும். விசிறிகளின் இரைச்சலில், வருகிறவர்கள் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டும்.

அந்த இரைச்சலுக்குள் ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.

3

திரைப்படங்களுக்கு ஒலி தொகுப்பவள். வேலை வீட்டிலேயே.

"அண்ணே, எது பெஸ்ட்டோ அதைப் போடுங்க. ஒண்ணே ஒண்ணுதான், சத்தம் வரக்கூடாது."

"ஃபேன் ஓடாம எப்படிம்மா? மெஷின் மூச்சு விட வேணாமா?"

"விடட்டும். என் காதுல விழாம விடட்டும்."

கடைக்காரருக்குக் குஷி கிளம்பிவிட்டது. மினுக்கு விளக்கு கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இப்படி ஒரு சவாலோடு யார் வருகிறார்கள்? தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கலாமா என்று யோசித்தார். அதன் பம்ப் முனகும், வேண்டாம். பிராசஸர் தலையில் செங்கல் பருமனுக்கு, சூட்டை உறிஞ்சும் ஒரு ஹீட்சிங்க் ஏற்றினார். விசிறிகளைப் பெரிதாகப் பார்த்து எடுத்தார். பெரிய விசிறி மெல்லச் சுழன்றாலே போதும். பவர் சப்ளையைத் தேவைக்கு மேல் வலுவானதாக வைத்தார். சுமை குறைவாக இருக்கும்வரை அதன் விசிறி தூங்கிக்கொண்டே இருக்கும். கேபினெட்டின் பக்கப் பலகைகளில் நுரைப்பஞ்சு ஒட்டினார். இழுபறியானது கிராஃபிக்ஸ் கார்டுதான். முதலில் போட்டது கீச்சிட்டது.* கழற்றி வேறொன்று போட்டார். அது வாயைத் திறக்கவில்லை.

* கார்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள்கள், சுமை ஏறும்போது நடுங்கிக் கொசுவைப் போலக் கீச்சிடும். எல்லாக் கார்டும் கீச்சிடாது. பூட்டிப் பார்த்தால்தான் தெரியும். கதைமாந்தர்களும் அப்படியே என்று இங்கே ஒரு வரி எழுதி, நாலு பேர் சிரிப்பார்கள் என்று அழித்தேன்.

4

கணினியைக் கேட்டுப் பார்க்க அவள் வந்தாள். ஆமாம், கேட்டுப் பார்க்கத்தான். அதற்காகக் கடைக்காரர் சுவரோரக் கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். ஏசியை அணைத்தார். மச்சினன் போன பிறகு, அவருக்குத் தெரிந்து, அந்தக் கடை அடங்கியது அன்றைக்குத்தான்.

புதுக் கணினியை இயக்கினார். ஒரு சின்ன விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "அண்ணே, உள்ள யாரு வேலை செய்றாங்க?"

"யாரும் இல்லையேம்மா. நான் மட்டும்தான்."

"யாரோ முனகுறாங்களே. பாட்டு மாதிரி. வாயில எதையோ கவ்விக்கிட்டு மூக்கால பாடுற மாதிரி."

கடைக்காரர் கணினியை அணைத்தார். பிளக்கையும் பிடுங்கினார். "இப்போ?"

"இப்பதான் நல்லாக் கேக்குது."

அவருக்கும் கேட்டது. பூட்டும் மேசைப் பக்கமிருந்து வந்தது. திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, மூக்காலேயே ராகம் இழுத்தபடி வேலை செய்வது மச்சினனின் பழக்கம்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. "மெஷின் அருமையா இருக்கு, துளி சத்தமில்ல," என்று சொல்லி, எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

5

இந்தப் பெண்ணை நான் முழுதாக நம்பவில்லை. மச்சினனைப் பற்றித் தெருவில் யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? கடைக்காரரிடமே கேட்டேன்.

"அவங்க பொய் சொன்னாங்கன்னே வெச்சிக்குங்க சார். என் காதும் பொய் சொல்லுமா?"

அவள் போனதும் அவர் எல்லாக் கணினிகளையும் மறுபடி ஓடவிட்டார். மின்சாரம் நின்றாலும் விசிறிகள் நிற்கக்கூடாது என்று பேட்டரி வாங்கி வைத்தார். பயமா என்று கேட்டேன்.

"பயந்தான். ஆனா எனக்காக இல்ல சார், என் பொண்டாட்டிக்காக. அவ தம்பி போனப்போ சோறு தண்ணி இல்லாம சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடந்தா. இழுத்துப் பிடிச்சு மனுஷியாக்கி வெச்சிருக்கேன். இது தெரிஞ்சா கீழயே உக்காந்துடுவா. எந்திரிக்க மாட்டா."

(என் முதல் வரைவில் மனைவியே கிடையாது. மேல்மாடியை ஆளில்லாமல் விட்டிருந்தேன். அப்போது இது வெறும் சத்தத்தைப் பற்றிய கதை.)

6

முடிவு, அ: அவர் மனைவியிடம் சொல்கிறார். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். முனகல் அடங்குகிறது. எழுதி முடித்துப் படித்தேன். எனக்கே இனிப்பு திகட்டியது.

முடிவு, ஆ: அவர் சொல்லவே இல்லை. கடையை விற்றுவிட்டு—

(விற்றால் அடுத்து வாங்குகிறவன் கதி?)

நடந்தது இதுதான். ஒரு மதிய நேரத்தில் மின்சாரம் போனது. பேட்டரியும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கைவிட்டது. விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. கடை அடங்கியது. முனகல் எழுந்தது.

மேலே கேட்டுவிடப் போகிறதே என்று கடைக்காரர் பதறிப்போய், ஒரு நாற்காலியைத் தரையில் தரதரவென்று இழுத்தார். வேண்டுமென்றே இருமினார்.

"சும்மா இருங்களேன். இப்பதான் ஆரம்பிச்சிருக்கான்."

மாடிப்படியின் நடுவில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பாதி பின்னிய சடை, கையில் சீப்பு. முகத்தில் கலக்கமே இல்லை. அவ்வளவு அமைதியாக அவளை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"உனக்கு... எப்பலேர்ந்து?"

"கரண்ட் போறப்பல்லாம் வந்து உக்காருவேன். நீங்க அசந்து தூங்குற நேரம். பேட்டரியை வாங்கிப் போட்டுக் கெடுத்துட்டீங்க."

கடைக்காரர் நாற்காலியை விட்டார். அப்போதுதான் கவனித்தார், முனகல் மேசைப் பக்கமிருந்து வரவில்லை. கீழ்ப்படியிலிருந்து வந்தது. அவள் தன் கால்களைச் சற்று ஒதுக்கி, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டாள்.

7

மெயின் சுவிட்ச் அவர் தோளுக்கு மேலே, சுவரில் இருந்தது. மின்சாரம் வந்துவிட்டால் எல்லா விசிறிகளும் தாமாகவே சுழலத் தொடங்கிவிடும். சுவிட்சைக் கீழே தள்ளினால் கடை இப்படியே இருக்கும், அவர்கள் விரும்பும்வரை. அவள் சாப்பிடுவாளா, எழுந்திருப்பாளா, தெரியாது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அது மட்டும் தெரியும்.

அவர் கையை உயர்த்தி—

அவர் மனைவியின் பக்கத்தில் போய்—

"அப்புறம்?" என்றேன். கடைக்காரர் வாயசைத்துச் சொன்னார். ஒரு பேருந்து ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்து போனது. இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.

மற்ற இடைவெளிகளை நிரப்பியதுபோல இதையும் நிரப்பியிருப்பேன். பேனாவை வைத்துவிட்டேன், ஏனென்றால் அவர் மனைவியை எந்தப் பக்கம் தள்ளவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் படியேறி வந்துவிட்டீர்கள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் லேசாக ஓர் உறுமல் கேட்கிறது, மின்சாரம் வரப்போகிறது. சுவிட்சைத் தள்ளவா, விடவா என்று கடைக்காரர் உங்களைத்தான் பார்க்கிறார். அவர் மனைவி பார்க்கவில்லை. அவள் தலையைச் சாய்த்து, பக்கத்தில் இருப்பவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.