ஷைலஜவுக்கு மாற்றல்

எங்கள் சேனலில் என்னை இரண்டு பேராக வேலைக்கு எடுத்திருந்தார்கள். தமிழ்ச் செய்திக்கு ஷைலஜா. மலையாளச் செய்திக்கு ஷைலஜ. பெயரில் ஒரு துணைக்கால் குறையும், அவ்வளவுதான்.

பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லை வரை என்ன நடந்தாலும் நானே கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். அதை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு முன்னால் போய் நின்று தமிழில் பேசுவேன். பிறகு மைக்கைக் கை மாற்றிக்கொண்டு மலையாளத்தில் பேசுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை எடிட்டர் நஞ்சப்பன் கூப்பிட்டார்.

"ஷைலஜவக் கொச்சிக்கு மாத்தியாச்சுங்க. பிரமோஷன்."

"நானுங்க சார்?"

"நீங்க இங்கதான்."

"அவங்க எப்பப் போறாங்க?"

"போயிட்டாங்களே. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. என் மேசையில் பாதி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. குடையை எடுத்துப் போயிருந்தாள். வழியனுப்பு விழாவுக்கு வாங்கிய கேக்கில் ஒரு துண்டு எனக்காக மூடி வைத்திருந்தார்கள். சாப்பிட்டேன்.

அன்று மாலை ஒத்தப்பாலத்திலிருந்து அம்மா போன் செய்தாள். அம்மாவுக்கு மலையாளம் மட்டும்தான் தெரியும். குரல் அம்மாவுடையது. ஒரு வார்த்தைகூட எனக்கு விளங்கவில்லை. அவள் பேசி முடிக்கும் வரை போனைக் காதில் வைத்திருந்தேன். ஏதோ கேட்டாள். மீண்டும் கேட்டாள். பிறகு வைத்துவிட்டாள். அதற்குப் பின் எனக்குப் போன் வரவில்லை.

ஷைலஜ டிவியில் வந்தாள். முடியை வெட்டியிருந்தாள். அவளுக்குக் கேமராவைப் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் இருந்தான். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். எப்படியும் புரியப்போவதில்லை.

ஓணத்துக்கு முன்பு நஞ்சப்பன் மறுபடி கூப்பிட்டார்.

"ஒத்தப்பாலம் போயிட்டு வாங்க. கொச்சி ஷைலஜ இருக்குதுல்லங்க, அதோட அம்மாகிட்ட ஒரு பேட்டி. மனசத் தொடணும்."

"அது எங்கம்மாங்க சார்."

"அப்ப ஈஸியாப் போச்சு. வழி கேக்க வேண்டியதில்ல."

ரயிலில் போனேன். ஸ்டேஷன் பலகைகளில் தமிழ் எழுத்து பாலக்காடு வரை கூடவே வந்தது. அங்கே இறங்கிக்கொண்டது.

அம்மாவின் வீட்டில் நடை நீண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினேன். நடந்தேன். அம்மா தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இன்னும் நடந்தேன். தோளில் ஸ்டாண்ட் அழுத்தியது.

பக்கத்து வீட்டு கிரிஜாக்கா எதிரே வந்தாள். பொள்ளாச்சியில் வேலை பார்த்தவள், தமிழ் தெரியும். சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிட்டவள்.

"டிவியில இருந்துங்களா? வாங்க. நீங்க கேக்கறத நான் அவங்களுக்கு மலையாளத்துல சொல்றேன்."

அம்மா புதுச் செட்டுமுண்டு உடுத்தி, பவுடர் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். சின்ன மைக்கை அவள் கழுத்தருகே துணியில் குத்தினேன். காய்ச்சிய தலை எண்ணெய் மணந்தது. கூச்சத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உங்க பொண்ணப் பத்திச் சொல்லச் சொல்லுங்க," என்றேன்.

அம்மா வெகுநேரம் பேசினாள். நடுவில் சிரித்தாள். கையால் ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல பொண்ணாம்," என்றாள் கிரிஜாக்கா.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"உங்களுக்கு அம்மா இருக்காங்களான்னு கேக்கறாங்க."

"இருக்காங்கன்னு சொல்லுங்க."

கிரிஜாக்கா சொன்னாள். அம்மாவுக்குச் சந்தோஷம். இன்னொன்று கேட்டாள்.

"எங்க இருக்காங்கன்னு கேக்கறாங்க."

நான் குனிந்து கேமராவுக்குள் பார்த்தேன். போகஸ் சரியாக இருந்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க," என்றேன்.

அம்மா தள்ளி உட்கார்ந்தாள். பெஞ்சில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது. அந்த இடத்தையும் சேர்த்துப் படம் பிடித்தேன்.