பிடித்துக் கொடுக்கும் கை

அந்தச் சாயாத் தட்டை ஷாகுல் ஹமீது தூக்காமல் இருந்திருந்தால் இத்தனை வம்பு கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று, விரலைச் சுட்டுக்கொண்டேன் என்று துணியைச் சுற்றிக்கொண்டு மகள் நௌரின் அடுக்களையிலேயே நின்றுவிட்டாள். மனுஷன் சும்மா இருந்தாரா? தானே தட்டோடு கிளம்பிவிட்டார். கை ஆடிய ஆட்டத்தில் பாதிச் சாயா மாப்பிள்ளையுடைய மாமாவின் வேட்டியில். ஆள் குடிக்குமோ என்று அந்த மாமா மலையாளத்தில் முணுமுணுத்தது அடுக்களை வரைக்கும் கேட்டது. நௌரினுக்கு மானமே போன மாதிரி இருந்தது. வந்தவர்கள் போனதும் அத்தாவிடம் மூன்று நாள் பேசவில்லை.

அப்படியும் சம்பந்தம் கூடிவிட்டது. மாப்பிள்ளை ஃபவாஸ் இடப்பள்ளி மாலில் ஒரு துணிக்கடையைப் பார்த்துக்கொள்பவன். பெண் இவள்தான் என்று பிடித்த பிடியில் நின்றான். வெள்ளிக்கிழமை நிக்காஹ். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உனக்குக் கட்டிக்கொடுத்தேன் என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். சபை முழுக்க அந்தக் கையைத்தான் பார்க்கும்.

“உங்க அண்ணன், பெரியத்தா பிடிக்கட்டும்” என்றாள் நௌரின், அத்தாவின் முகத்தைப் பார்க்காமல். “நீங்க பிடிச்சா குடிகாரன்னு சொல்லுவாங்க அத்தா.”

ஷாகுல் ஹமீது கொச்சங்காடியில் சாக்கு வியாபாரம் பண்ணுகிறவர். கடையில் அவர் பேசினால் நாலு கடைக்குக் கேட்கும். அன்றைக்கு “சரிம்மா” என்று மட்டும் வந்தது.

ஆனாலும் அவளுக்கு ஒரு நப்பாசை, வெள்ளிக்கிழமைக்குள் மாத்திரை ஏதாவது கிடைத்துவிடாதா என்று. லீவு போட்டுவிட்டு அத்தாவைப் பாலத்துக்கு அப்புறம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சீதாலக்ஷ்மி முதலில் அவர் கையை மடியில் வைக்கச் சொன்னார். ஆடவில்லை. தண்ணீர்க் கிளாஸை எடுக்கச் சொன்னார். ஆடியது. முறுக்குப் பிழிவது போல ஒரு சுழி வரையச் சொன்னார். கோடு நெளிநெளியாக வந்தது.

“நடுக்கம் எல்லாம் ஒண்ணு கிடையாது” என்றார். “சிலருக்குக் கை சும்மா கிடக்கும்போது ஆடும், வேலை செஞ்சா அடங்கும். அது பார்க்கின்சன் வகை, அதுக்கு மருந்தே வேற. தைராய்டால வந்தா தைராய்டைச் சரி பண்ணணும். உங்களுது எதையாவது எடுத்தாத்தான் ஆடுது. ஆள் பார்க்கறாங்கன்னா இன்னும் ஆடும்.”

இதற்கு முதலில் கொடுக்கிற மாத்திரை மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாதாம். சாக்குத் தூசியில் அவருக்கு வருஷக்கணக்காக இழுப்பு. இன்னொரு மாத்திரை உண்டு. தூக்கம் தள்ளும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ரொம்ப முற்றியவர்களுக்குத் தலையில் ஆபரேஷன், இவருக்கு அது தேவையில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள நின்னுடுமா டாக்டர்?”

“நிக்காது. குறையும். அதுக்கும் சில வாரம் ஆகும்.” டாக்டர் பேனாவை எடுத்தார். “இது குடும்பத்துல வரும். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

நௌரினின் வலது கை கைப்பைக்கு அடியில் போனது. ஒரு வருஷமாக அவளுக்கும் இருக்கிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சமாளித்து வந்தாள். விரல் சுட்டது என்று துணி சுற்றியதும் அந்தத் தட்டைத் தூக்கப் பயந்துதான். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

“யாருக்கும் இல்ல” என்றார் ஷாகுல் ஹமீது பட்டென்று. “எனக்கு மட்டும்தான். எம்மக கை கல்லு மாதிரி நிக்கும்.”

மகளைப் பற்றி அங்கே யார் கேட்டார்கள்? நௌரின் திரும்பிப் பார்த்தாள். அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்துதான் அன்றைக்குத் தட்டைத் தூக்கியிருக்கிறார். அந்த மனுஷனிடம் போய் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பேனாவை வாங்கி, அத்தா வரைந்ததற்குப் பக்கத்திலேயே ஒரு சுழி வரைந்தாள். அதுவும் நெளிந்தது.

டாக்டர் இரண்டையும் பார்த்தார். “உனக்கு இழுப்பு இல்லையே? அப்ப அந்த முதல் மாத்திரை உனக்குச் சரிப்படும்” என்றார்.

வெளியே வந்ததும் நௌரின் சொன்னாள், “வெள்ளிக்கிழமை நீங்கதான் அத்தா பிடிச்சுக் குடுக்கணும்.”

“குடிகாரன்னு சொல்லுவாங்களேம்மா” என்றார்.

குத்திக்காட்டவில்லை, பாவம். அவள் சொன்னதை அவளுக்கு ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அங்கேயே நின்று ஃபவாஸுக்குப் போன் போட்டாள். விரல் சுட்டது பொய், அத்தாவுக்கு இருப்பது குடி இல்லை, வியாதி, அது தனக்கும் இருக்கிறது, வேண்டாமென்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றான் ஃபவாஸ். “மாமா வாய அப்பவே அடைச்சிருப்பேன். பாவம், அத்தா சும்மா பேச்சு வாங்கிட்டாங்க.”

வெள்ளிக்கிழமை பெண்கள் பக்கம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அத்தாவின் குரல் மட்டும் கேட்டது. தடுமாறாமல் சொல்லி முடித்தார். திரையை விலக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரோஜாவின் கையைக் கிள்ளி, “கை ஆடிச்சா?” என்று கேட்டாள்.

“நல்லாவே ஆடிச்சுடி. மாப்பிள்ளைதான் அந்தக் கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார்.”

முதல் வேலையாகக் கை ஆடியதைப் போய்க் கேட்டோமே என்று நௌரின் தலையைக் குனிந்துகொண்டாள்.