பின்னால் நின்று கை காட்டுகிறவள்

போர்ச்சுகலின் தென்கரையில், ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே, உள்ளேயே சமைத்துப் படுத்து வாழும் வீட்டு வேன்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் அந்தத் திடலில், வண்டியைப் பின்னால் எடுக்க ஒரு முறை உண்டு. கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள், அவன் அதை மதிக்கமாட்டான். ஜெர்மன்காரன் ஹோர்ஸ்ட் இந்த மரபைக் கட்டிக்காத்ததற்கு, அடிபட்ட தக்காளி போலிருந்த அவன் வேனின் பின்புறமே சாட்சி.

அன்று ஹாலந்துக்காரன் யோஸ்ட் தன் வேனில் தனியாக வந்து சேர்ந்தான். பாவம், ஆளில்லையே என்று ஹோர்ஸ்டின் மனைவி கெர்டா போய்க் கை காட்டினாள். அவள் திருப்பு என்றால் திருப்பினான், நில் என்றால் நின்றான். ஆரஞ்சு மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

"உங்களை மாதிரி ஆள் பின்னால இருந்தா, கண்ண மூடிக்கிட்டே ஓட்டலாங்க!" என்றான் யோஸ்ட்.

கெர்டா சிவந்துபோய்ச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஹோர்ஸ்ட் பார்த்து வருடக்கணக்காயிற்று.

மறுநாள் காலை, ஒழுங்காக நின்றிருந்த தன் வேனை ஹோர்ஸ்ட் வெளியே எடுத்தான்.

"நல்லாத்தானே நின்னுச்சு? எதுக்கு இப்ப?" என்றாள் கெர்டா.

"வெயில் சரியா விழல. நீ பின்னால நின்னு சொல்லு."

அவள் சொன்னாள், அவன் அப்படியே கேட்டான். வேன் கச்சிதமாக உள்ளே போய் நின்றது. கெர்டா ஜன்னலுக்கு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

ஹோர்ஸ்ட் பெருமையோடு பக்கத்து வேனைப் பார்த்தான். யோஸ்ட் கைதட்டிக்கொண்டிருந்தான்.

"பிரமாதம் கெர்டா! எப்பேர்ப்பட்ட டிரைவர் வந்தாலும் நீங்க கொண்டுவந்து சேத்துடுவீங்க!"

அவள் மறுபடியும் சிவந்தாள். ஹோர்ஸ்ட் வண்டியை மீண்டும் கிளப்பினான்.

"பின்னால போ கெர்டா. இன்னும் கொஞ்சம் நேராக்கணும்."