நேராக ஓடிய டாங்கி

மிட்ச்சை அடக்கம் செய்து மூன்று வாரமாகியும் மெர்வ் பாஸ்கோவுக்குக் கோபம் தணியவில்லை. கோபமெல்லாம் செத்துப்போன மகன்மேல்தான்.

"வைப்பர் மோட்டார் இல்லாத வண்டிய எவனாவது மெனிண்டி ரோட்டுல ஓட்டுவானா? கழட்டி எங்கயாச்சும் தூக்கிப் போட்டிருப்பான். எதத்தான் அவன் முழுசா செஞ்சான், சொல்லு" என்று அடிலெய்டில் இருக்கும் தங்கையிடம் போனில் சொன்னார். இறைச்சிக்கடையில் சொன்னார். ஆறுதல் சொல்ல வந்த பாதிரியாரிடமும் சொன்னார்.

மகள் நெரிடா ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்தாள். அந்த மோட்டாரைக் கழற்றியவள் அவள்தான். அது அப்பாவுக்குத் தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் எழுவாள். சொல்லாமலே படுப்பாள்.

பிப்ரவரியில் தம்பி மிட்ச்சும் அவளும் ஊர் விழாவில் ஓட்டிக் காட்ட ஷெட்டில் ராணுவ டாங்கி ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். ஆள் உட்காரும் அளவு இல்லை. ஒரு பெரிய ஆட்டுக்கிடா அளவு. இரும்புத் தகட்டு உடம்பு, சங்கிலிப் பட்டை, ரிமோட். வெல்டிங் மிட்ச்சின் வேலை. மோட்டார், பேட்டரி, ஒயர் எல்லாம் நெரிடாவின் பொறுப்பு. மாலை வகுப்பில் எலெக்ட்ரிகல் படிப்பவள் அவள். படித்தும் தன்மேல் நம்பிக்கை வராததால் எதையும் மூன்று முறை அளப்பாள். மோட்டார் சிக்கிக்கொண்டால் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று பார்த்த பிறகுதான் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகையும் ஃப்யூஸும் வாங்கினாள். டாங்கியை ஓட்டப்போவது வண்டிகளின் வைப்பர் மோட்டார்கள்; அவற்றின் உடம்பிலேயே மின்சாரம் வரும் என்பதால் அடியில் ரப்பர் வைத்தாள்.

தகராறு பண்ணியது வலப்பக்க மோட்டார். இரண்டு பக்க மோட்டார்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால், டாங்கி முன்னால் போக ஒன்று நேராகவும் இன்னொன்று தலைகீழாகவும் சுற்ற வேண்டும். வைப்பர் மோட்டாரைத் தலைகீழாகச் சுற்றவிட்டால் சோம்பல்படும். இடப்பக்கத்து மோட்டார் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்திலிருந்து கொண்டுவந்த மூன்று மோட்டார்களின் தண்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, தலைகீழாகச் சுற்றவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். முப்பத்தெட்டு, நாற்பது, முப்பத்தொன்பது.

"இதுல எதப் போட்டாலும் டாங்கி வட்டமா சுத்தும்டா."

"சுத்தட்டுமே. நாய் தன் வாலைப் புடிக்கிற மாதிரி. கூட்டம் கைதட்டும்."

"விளையாடாத மிட்ச்."

"சரிங்க டீச்சரம்மா. என் பிக்கப்ல ஒரு மோட்டார் இருக்கே, அத எண்ணிப் பாத்தியா?"

"அது வண்டிக்கு வேணும்."

"எதுக்கு? இங்க கடைசியா எப்ப மழை பேஞ்சுது, சொல்லு பாப்போம். நான் வைப்பர் போட்டே ஒரு வருஷமாச்சு. வெட்டுக்கிளி செத்து ஒட்டுனாகூட துணியாலதான் துடைக்கிறேன்."

அவள் கழற்றி எண்ணினாள். தலைகீழாக நாற்பத்தைந்து. மறுபடி எண்ணினாள். மூன்றாவது முறையும் நாற்பத்தைந்து.

அந்த நிமிஷம் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். முப்பத்தெட்டு சுற்று மோட்டாரை வண்டியில் மாட்டிவிடலாம், வண்டிக்குப் பொருந்தாத அதன் ஒயர் முனையைக் கழற்றும் கருவியை வகுப்பிலிருந்து வாங்கி வந்து சனிக்கிழமை வேலையை முடிக்கலாம் என்று நோட்டில் எழுதிவைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மிட்ச் மெனிண்டியிலிருந்து திரும்பும்போது புழுதிக் காற்று வந்தது. அதன் பின்னாலேயே மழை வந்தது. தூசியோடு விழுந்த மழை கண்ணாடியில் சேறாக அப்பிக்கொண்டது. ஓரமாக நின்றிருந்த சாலை வேலை லாரியை அவன் பார்க்கவே இல்லை என்றது போலீஸ்.

இன்று சாப்பாடு முடிந்ததும் மெர்வ் தாமாகவே ஷெட்டுக்கு வந்தார். பையன் போன பிறகு அவர் அங்கே வருவது இதுதான் முதல் தடவை.

"ஓடுமா இது?"

"ஓடும்பா."

"ஓட்டிக் காட்டு."

நெரிடா ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். டாங்கி ஷெட்டை விட்டு இறங்கி, செம்மண் முற்றத்தைத் தாண்டி, வேலிவரை நூல் பிடித்த மாதிரி போய் நின்றது. மெர்வ் குத்தவைத்து உட்கார்ந்து அதன் தடத்தைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"பரவால்லையே. இதையாவது உருப்படியா செஞ்சிருக்கான். வண்டியில காட்டாத அக்கறைய இதுல காட்டியிருக்கான் முட்டாப்பய."

"அப்பா."

"என்ன?"

"அந்த வலது பக்க மோட்டார் அவன் வண்டியோடது. கழட்டுனது நான்."

மெர்வ் நிமிரவில்லை. தடத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"அவன் கழட்டச் சொன்னானா?"

ஆமாம் என்றால் பொய் இல்லை. ஆனால் ஆமாம் என்றால் மிட்ச் மறுபடி முட்டாள் ஆகிவிடுவான். இந்த முறை அவள் வாயால்.

"எண்ணுனது நான். இதுதான் வேணும்னு முடிவு பண்ணுனது நான். சனிக்கிழமை வேற மாட்டிக்கலாம்னு தள்ளிப் போட்டதும் நான்தான்பா."

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அவர் போனில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. முதலில் அடிலெய்டில் இருக்கும் தங்கைக்கு.

"நான்தான். மிட்ச் பத்தி நான் சொன்னது தப்பு. அவன்மேல தப்பு ஒண்ணும் இல்ல. எப்படித் தெரியும்னு கேக்காத. தெரியும், அவ்வளவுதான்."

போனை வைத்தார். அடுத்த எண்ணை அழுத்தினார். இறைச்சிக்கடைக்காரரிடமும் அதையே சொன்னார், அதே குரலில். பாதிரியாரிடம் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. ஒருவரிடமும் மகளின் பெயரைச் சொல்லவில்லை.

நெரிடா முற்றத்திலேயே நின்றாள். அவர் எல்லாரிடமும் போனில் பேசி முடித்துவிட்டார். உள்ளே வா என்று அவளைக் கூப்பிடவில்லை.