சேவல் படம் ஒட்டிய இசைத்தட்டு

“சேவல் படம் ஒட்டுன தட்டா? அதையா கேக்கீக?”

“அதேதான். இருக்கா, இல்லையா?”

“இருக்கு தாயி, இருக்கு. ஆனா அதைக் கையில எடுத்தாலே உங்க மாமனார் மொகந்தான் முன்னால வந்து நிக்குது. அன்னைக்கு வயரைப் பிடுங்குன வேகத்துல என் காதையும் சேத்துப் பிடுங்கிருப்பாக. ஏதோ தப்பிச்சேன்.”

“காது பத்திரமாத்தான இருக்கு? பொறவு என்ன பயம்?”

சொல்லிவிட்டுப் பொன்னுத்தங்கம் சிரித்தாள். மைக் செட் சங்கையாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிவன் கோயிலுக்குப் பின்னால் இருந்த அவருடைய கடையில் ஒலிபெருக்கிக் குழாய்கள் பெரிய ஊமத்தம் பூக்களைப் போல வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. அவள் வந்தது கொழுந்தன் லட்சுமிகாந்தத்தின் கல்யாணத்துக்கு மைக் செட் சொல்ல. உண்மையில் அவள் வந்தது அந்தத் தட்டுக்காக.

வயரைப் பிடுங்கிய அந்த நாளுக்கு அப்புறம் அவள் மாமனார் அச்சாபீஸ் நல்லசிவம் வீட்டு விசேஷம் எதற்கும் இத்தனை வருஷமாகச் சங்கையாவைக் கூப்பிட்டதில்லை. காதுகுத்து என்றாலும் சரி, கிரகப்பிரவேசம் என்றாலும் சரி, விருதுநகரிலிருந்துதான் செட் வரும். இந்தத் தடவை பொன்னுத்தங்கத்தின் புருஷன் தங்கச்சாமி தன் அப்பாவிடம், “முகூர்த்த சீசன், விருதுநகர்க்காரன் கிடைக்க மாட்டான், உள்ளூர்லயே சொல்லிருவோம்” என்று மெல்லப் போட்டு வைத்தான். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அது போதும் என்று இவள் கிளம்பி வந்துவிட்டாள்.

“கலியாணத்துல போட மாட்டேன். அதை இப்பவே சொல்லிட்டேன்” என்றார் சங்கையா.

“கலியாணத்துல யாரு போடச் சொன்னா? முந்துன நாள் சாயந்தரம் குழாய் கட்டி டெஸ்ட் பண்ணுவீகள்ல, அப்பப் போடுங்க. டெஸ்டுக்கு எதைப் போட்டா யாரு கேக்கப்போறா? மாமா அந்நேரம் சங்கத்துக்குப் போயிருவாக.”

சங்கையா காதைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, தமிழும் தட்டுத்தடுமாறித்தான். ஆனால் சிவகாசியில் படத்துக்கு என்ன பஞ்சம்? அச்சில் கலர் விலகிப்போன தீப்பெட்டி லேபிள்கள் எந்த ஆபீஸ் வாசலிலும் குப்பையாகக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி வந்து இசைத்தட்டு உறைகளில் ஒட்டி வைத்திருந்தார். மயில் ஒட்டியிருந்தால் முருகன் பாட்டு. தாமரை ஒட்டியிருந்தால் லட்சுமி பாட்டு. விடியற்காலை முகூர்த்தத்துக்கு உண்டான நாயனத் தட்டுக்குச் சேவல். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார், தப்பாது.

பொன்னுத்தங்கத்தின் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, கொழும்பிலிருந்து வந்த வியாபாரி ஒருவரிடம் ஒரு கட்டுப் பழைய தட்டுகளை அவர் வாங்கியிருந்தார். அதற்கெல்லாம் லேபிள் ஒட்டியது அவர் சம்சாரம் செல்லத்தாய். கடைசியில் ஒரு தட்டுக்கு ஒட்டப் படமில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சேவல். என்ன பாட்டென்றே தெரியாத தட்டுக்கு எந்தப் படமாயிருந்தால் என்ன என்று அவள் அதை எடுத்து ஒட்டிவிட்டாள். ஆக, சங்கையாவின் பெட்டிக்குள் இரண்டு சேவல்கள் குடியேறின.

கல்யாணத்தன்று கோவில்பட்டியிலிருந்து வரவேண்டிய மேளக்காரர்களின் பஸ் வழியில் நின்றுவிட்டது. நேரம் நெருங்கிவிட்டது. “தட்டுலயே கெட்டிமேளத்தைப் போடுய்யா” என்று நல்லசிவம் உத்தரவு போட்டார். தங்கச்சாமி தாலியைக் கையில் எடுத்தான். ஐயர் கையை உயர்த்தினார். சங்கையா ஊசியை இறக்கினார்.

பந்தலுக்கு மேலே கட்டியிருந்த குழாயிலிருந்து ஒரு கிடார் பாய்ந்து வந்தது. பின்னாலேயே டிரம். அதற்கும் பின்னால் ஒரு ஆண்குரல், யாரோ வெந்நீரை முதுகில் ஊற்றிவிட்ட மாதிரி ‘ஊ’ என்று கூவிக்கொண்டு, எங்கேயோ மலையிலிருந்து உருண்டு வருவதுபோல இறங்கியது. அட்சதையை ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. தலை குனிந்திருந்த பொன்னுத்தங்கத்துக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் நிமிர்ந்தால், எதிரே மாப்பிள்ளையும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். அவன் தாலியைக் கட்டிவிட்டான். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடிப்பதற்குள் நல்லசிவம் வயரைப் பிடுங்கிவிட்டார். பாட்டு பாதியில் அறுந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் சொந்தபந்தம் எல்லாம் அவளை ‘இங்கிலீஷ் பொண்ணு’ என்றே கூப்பிட்டார்கள். அவள் அதற்கெல்லாம் சங்கடப்படவில்லை. அந்தப் பாதிப் பாட்டு அவளோடு புகுந்த வீட்டுக்கு வந்துவிட்டது.

தங்கச்சாமி சரக்கு அனுப்ப விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது மொழிபெயர்ப்பு நாவல் வாங்கி வருவான். பனி கொட்டும் ஊர்கள், குதிரை வண்டிகள், கப்பலுக்குக் காத்திருக்கும் பெண்கள். சிவகாசியிலோ மழையென்றாலே ஆட்கள் முகம் சுளிப்பார்கள். லேபிள் காயாது, தீக்குச்சி மருந்து காயாது, வேலை கெடும். அந்த வறண்ட வெயிலில், அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு அவள் அந்தப் பாடகனைப் பனியில் நடக்க விட்டாள். ஒரு நாவலில் அவன் துறைமுகத்துக் கூலிக்காரன். இன்னொன்றில் ரயிலைத் தவறவிட்டவன். பாட்டின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. தெரியாதது சௌகரியமாக இருந்தது. தோசை வார்க்கும்போதும், புளி கரைக்கும்போதும் முணுமுணுப்பாள். அறுந்துபோன இடத்துக்கு அப்புறம் தானாகவே ஒரு மிச்சத்தைக் கட்டி முடித்தும் வைத்திருந்தாள்.

அடுப்படி ஜன்னலுக்கு அந்தப்புறம்தான் அச்சாபீஸின் மேஜை. நல்லசிவம் அங்கே உட்கார்ந்து, அச்சாகி வந்த தாள்களில் கலர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பார்க்கும்போது விரலால் மேஜையைத் தட்டுவார். தாள் எண்ணுகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

சமீபத்தில்தான் அவளுக்கு ஒரு பயம் பிடித்தது. மதுரைக் கல்லூரியில் படித்த லட்சுமிகாந்தம் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தபோது, “இப்படி ஒரு பாட்டு வருமா தம்பி?” என்று மெதுவாகப் பாடிக் காட்டினாள்.

“அதெல்லாம் பழசு மதினி. இப்பல்லாம் அங்கன முடிய வளத்துக்கிட்டுக் கும்பலா நின்னுல்ல பாடுறானுக. இந்த மாதிரிப் பாட்டை இனிமே எவன் போடுவான்?”

“பத்து வருசத்துக்குள்ளயா ஒரு பாட்டு பழசாப் போகும்?”

“போகும் மதினி. அதுவும் போக, நீங்க பாடுறது அந்தப் பாட்டுதானான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. நம்ம ஊரு கும்மி மாதிரில்ல இருக்கு.”

அவன் விளையாட்டாகச் சொன்னான். அவளுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பாடிப் பாடித் தேய்த்துவிட்டோமா? அன்றைக்குக் கேட்டது இதுதானா, வேறா? ஒரே ஒரு தடவை நிசப் பாட்டைக் கேட்டுவிட்டால் போதும் என்று தோன்றியது. அதுதான் அவளைச் சங்கையா கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

சங்கையா கடைசியில் காதிலிருந்து கையை எடுத்தார். “டெஸ்டுக்குன்னா சரி தாயி. அண்ணாச்சி தலை தெருவுல தெரிஞ்சா நிப்பாட்டிருவேன்.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயந்தரம், வீட்டு முன்னாலிருந்த வேப்ப மரத்தில் குழாயைக் கட்டினார்கள். சங்கையா மைக்கை ஊதி ஊதிப் பார்த்து, “ஹலோ, ஹலோ” என்று ஊரை நலம் விசாரித்தார். நல்லசிவம் வெள்ளை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு உறவின்முறைச் சங்கத்துக்குப் போயிருந்தார். மாமியார் பேச்சியம்மாள் உள்ளே முறுக்கு மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சாமி பந்தல் காலில் சாய்ந்துகொண்டு பெண்டாட்டியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

பொன்னுத்தங்கம் உறையை எட்டிப் பார்த்தாள். சேவலின் சிவப்புக் கொண்டை வெளுத்து, கரையான் ஒரு ஓரத்தைத் தின்றிருந்தது. சங்கையா தட்டை வேட்டி முனையால் துடைத்து வைத்தார். ஊசி இறங்கியது.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு அந்தக் கிடார்.

மரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. லேபிள் கட்டுகளைத் தூக்கிப்போன ஆட்கள் தெருவில் நின்றுவிட்டார்கள். பொன்னுத்தங்கம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். அதேதான். ஆனால் அதே இல்லை. அவள் மேலே ஏற்றும் இடத்தில் அவன் கீழே இறக்கினான். அவள் இழுக்கும் இடத்தில் அவன் வெடுக்கென்று நிறுத்தினான். லட்சுமிகாந்தம் சொன்னது நிசம்தான்; அவளுடையது வேறு ஏதோ ஆகிவிட்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது என்னவோ கல்யாணத்தன்று வந்த அதே சிரிப்பு. திரும்பினால் தங்கச்சாமியும் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

அப்போது பாதிக்குத்தான் வந்திருந்தது பாட்டு. இனி வருவது அவள் கேட்டேயிராத பகுதி.

“அய்யோ, அண்ணாச்சி!” என்றார் சங்கையா.

பந்தல் வாசலில் நல்லசிவம் நின்றுகொண்டிருந்தார். குழாய் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது என்பதை யாருமே யோசிக்கவில்லை. அது நேராகச் சங்கத்துக் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கையா பதறி ஊசியைத் தூக்கினார், தட்டையும் சேர்த்து உருவினார். எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது கை நழுவி, பந்தல் காலுக்கு அண்டை கொடுத்திருந்த கல்லில் பட்டு இரண்டாகப் பிளந்தது.



“எவம்லே உன்னை நிப்பாட்டச் சொன்னது?” என்றார் நல்லசிவம்.

“அண்ணாச்சி, இது சும்மா டெஸ்டுக்கு...”

“டெஸ்டுன்னா முழுசாப் பண்ண வேண்டியதுதான? அரைகுறையா என்ன டெஸ்டு?”

அவர் குனிந்து இரண்டு துண்டுகளையும் எடுத்தார். கலர் விலகியிருக்கிறதா என்று தாளைப் பார்ப்பதுபோலவே, வெளிச்சத்தில் பிடித்து விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பார்த்தார். சேர்ந்த மாதிரி இருந்தது. கையை எடுத்தால் பிரிந்தது.

“அன்னைக்கும் நான்தான் பாதியில நிப்பாட்டுனேன். இன்னைக்கும் என்னாலதான் போச்சு” என்றார். குரலில் கோபம் இல்லை. “மிச்சம் எப்படிப் போகும் சங்கையா?”

“எனக்கு எங்கன அண்ணாச்சி தெரியும்? அன்னைக்கு வாங்குன ஏச்சுக்குப் பொறவு இன்னைக்குத்தான் தொட்டேன்.”

நல்லசிவம் மருமகள் பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியும்லம்மா. அடுப்படியில கடைசி வரைக்கும் பாடுவியே.”

பொன்னுத்தங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “அது நானா இட்டுக்கட்டுனது மாமா. நிசப் பாட்டு வேற. இப்பத்தான் எனக்கே தெரிஞ்சது.”

“அது எந்த ஊருக்காரன் பாட்டோ, எனக்கென்ன? நான் இம்புட்டு வருசமாத் தாளம் போட்டது நீ பாடுனதுக்குத்தான்.”

மேஜையைத் தட்டும் அந்த விரல்கள் அவள் கண்முன் வந்தன. தாள் எண்ணுகிறார் என்றுதானே நினைத்தாள்! தங்கச்சாமி சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். முறுக்கு மாவு ஒட்டிய கையோடு பேச்சியம்மாள் நிலைப்படியில் வந்து நின்று, “என்ன கூத்து நடக்குது இங்கன?” என்றாள். தெருவில் நின்றவர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டார்கள்.

நல்லசிவம் சங்கையா கையிலிருந்த மைக்கை வாங்கி, தோள் துண்டால் ஒரு தடவை துடைத்தார். குழாய் ‘கிர்’ரென்று இரைந்தது. அதை அவளுக்கு நேராக நீட்டினார். அவருடைய இன்னொரு கை விரல்கள் உடைந்த தட்டின் மேல் தட்டத் தொடங்கியிருந்தன.

“ஊரு பூராப் பாதியில நிக்குது பாரு. மிச்சத்தை நீ பாடேன்ம்மா.”